நாயோடு ஒரு கடற்கரை நடை

“ஏம்மா, நாய்க்கு எதுக்கும்மா கடலு?”

அப்பா இப்படிக் கேட்டது போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை ஐந்து மணிக்கு. ஈப்போவில் எங்கள் வீட்டு வாசலில் காரின் பின்சீட்டில் பழைய துவாலையை விரித்துக்கொண்டிருந்தேன். புளாக்கி அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. பெயர்தான் புளாக்கி, நிறமோ தே தாரிக். பெயர் வைத்தவன் என் மகன். அப்போது அவனுக்கு நிறங்கள் சரியாகத் தெரியாத வயது.

எழுபத்து நான்கு வயதுக்காரரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அவர் வளர்த்த நாய்களுக்கு யாரும் கயிறு கட்டியதில்லை, யாரும் ‘நடக்க’ அழைத்துப் போனதுமில்லை. அவர் நடந்தார், அவை கூட வந்தன. எங்கள் தாமான் வீட்டு நாய்களின் பாடு வேறு. இரும்புக் கதவுக்குப் பின்னால் கார் நிறுத்தும் சிமெண்டுத் தரைதான் அவற்றுக்கு உலகம். காலையில் கதவருகே ஒரு குரைப்பு, தபால்காரர் வந்தால் இன்னொரு குரைப்பு, அதோடு நாள் முடிந்தது. புளாக்கியும் அப்படித்தான் இருந்தது. அதனால்தான் ஆண்டுக்கு மூன்று மாதமாவது அதைக் கடலுக்கு அழைத்துப் போவது என்று முடிவு செய்தேன்.

ஏன் இந்த மூன்று மாதம்? நமக்கு ஏது குளிர்காலம் என்று கேட்பீர்கள். பேராக்கில் பனி விழாதுதான். ஆனால் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை வெப்பம் 22, 23 டிகிரிக்கு இறங்குகிறது. காற்றில் ஈரப்பதம் குறைந்து லேசாக ஓர் உலர்ச்சி வருகிறது. வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தானையும் திரெங்கானுவையும் நனைத்துவிட்டுத் தித்திவங்சா மலைத்தொடரில் முட்டி நிற்பதால் நம் பக்கத்துக்குப் பாதி பலம்தான் வந்து சேர்கிறது. மலாக்கா நீரிணையும் சுமத்திராவின் மறைவில் பெரும்பாலும் அடங்கியே கிடக்கிறது. கிழக்குக்கரையில் படகுகள் கரையேறிக் கிடக்கும் நாட்களில் லூமுட்டில் கடல் குளம் மாதிரி இருக்கும். இன்னொரு வசதியும் உண்டு. தீபகற்பத்தில் மிக அதிகமாக மழை பெய்யும் ஊர் தைப்பிங் என்பது எல்லாருக்கும் தெரியும். அதே பேராக்கில்தான் மழை குறைந்த சித்தியவான், லூமுட் வட்டாரமும் இருக்கிறது. நவம்பரில் ஈப்போவில் மாலையானால் வானம் பொத்துக்கொள்ளும். ஜனவரி, பிப்ரவரியில் கடற்கரைப் பக்கம் பெரும்பாலும் காய்ந்த காலைகள்.

குளிர்காலத்துக்கு இன்னொரு சாட்சி ரப்பர் மரம். ஆண்டுத் தொடக்கத்தில் அது இலை எல்லாவற்றையும் பழுக்கவிட்டு உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். தோட்டத்துத் துரைமார்கள் இதற்கு வைத்த பெயரே ‘விண்டரிங்’. பனியே பார்க்காத மண்ணில் குளிர்காலம் என்ற சொல் மரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “இலை விழுந்தா பால் குறையும், பால் குறைஞ்சா சம்பளம் குறையும். அதுக்கு முந்தி ரெண்டு மாசம் மழை. மரப்பட்டை நனைஞ்சா வெட்டு கிடையாது, வெட்டு இல்லாட்டி காசு கிடையாது. இந்தக் காலத்த ரசிக்கணும்னு எனக்குத் தோணுனதே இல்லம்மா” என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. குளிர்ந்த காற்று எனக்கு விடுமுறையின் வாசம். அவருக்கு அது கடைக்காரரிடம் கடன் சொல்லும் மாதங்களின் வாசம். ஆனாலும் காரில் ஏறிக்கொண்டார். ஏன் ஏறினார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஸ்ரீ இஸ்கண்டார், போத்தா, ஆயர் தாவார், சித்தியவான் வழியாக லூமுட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். போத்தாவில் பேராக் ஆற்றைத் தாண்டும்போது இன்னும் இருட்டு. சாலையின் இரு பக்கமும் செம்பனை. அப்பா கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு வெளியே பார்த்தபடி பேச ஆரம்பித்தார்.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான் நாங்கள் இருந்தோம். பெரட்டு முடிந்து, நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே நிரைக்குப் போவார்கள். வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் மரத்துக்குள் அழுத்தம் இருக்கும், பால் நன்றாக ஓடும். லயத்து நாய்கள் ஆளுக்கொன்றாகக் கூடவே போகும். பாம்போ காட்டுப்பன்றியோ இருந்தால் முதலில் தெரிவது அவற்றுக்குத்தான். மங்கில் பால் இறங்கும் வரை மரத்தடியில் படுத்திருக்கும். பால் எடுத்து ஸ்டோருக்குத் தூக்கிப் போகும்போது வாளிக்கு முன்னால் ஓடும். எங்கள் நாயின் பெயர் டைகர். அந்த லயத்தில் மட்டும் மூன்று டைகர்கள் இருந்தன. கூப்பிட்டால் மூன்றும் வரும் என்று அம்மா சொல்வார்.

1990களின் தொடக்கத்தில் இயற்கை ரப்பர் உற்பத்தியில் தாய்லாந்து நம்மை முந்தியது. பேராக்கில் தோட்டம் தோட்டமாகப் பால்மரம் சாய்ந்து செம்பனை நின்றது, சில இடங்களில் தாமான்கள் நின்றன. எங்கள் லயமும் காலியானது. ஈப்போவுக்கு வெளியே ஒரு மலிவு விலை அடுக்குமாடி வீடு கிடைத்தது, மூன்றாவது மாடி. பூந்தொட்டி, அம்மன் படம், தையல் மெஷின் எல்லாம் லாரியில் ஏறின. டைகர் ஏறவில்லை. அடுக்குமாடியில் நாய் வளர்க்க அனுமதி இல்லை.

இந்தக் கதை எங்கள் வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. தோட்டத்தை விட்டு வந்த எந்தக் குடும்பத்தையும் கேட்டுப் பாருங்கள், ஒரு நாய்ப் பெயர் வரும். தோட்டத் துண்டாடலைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறோம். வேலை போனது, வீடு போனது, பள்ளிக்கூடமும் கோயிலும் இடம் மாறின. நாய்களைப் பற்றி யாரும் எழுதியதில்லை. மனிதர்களே தெருவில் நின்றபோது நாயைப் பற்றி என்ன பேச்சு என்பதும் சரிதான்.

அம்மா பின்னாளில் என்னிடம் சொன்னது இது. நான்கு ஞாயிற்றுக்கிழமை அப்பா மோட்டார் சைக்கிளில் சோற்றுப் பொட்டலத்தோடு பழைய லயத்துக்குப் போனாராம். ஐந்தாவது ஞாயிறு பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாராம். அதன்பிறகு முப்பது ஆண்டுகள் எங்கள் வீட்டில் நாய் இல்லை. புளாக்கியை நான் தாமான் கால்வாயிலிருந்து தூக்கி வந்தபோதும் அவர் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கடற்கரை போய்ச் சேர்ந்தோம். ஜனவரியில் நமக்குச் சூரியன் உதிப்பதே ஏழே கால் மணிக்கு மேல்தான். பேராக்கின் கடற்கரை மேற்கே பார்த்தது, அதனால் சூரியன் நம் முதுகுப் பக்கம், மரங்களுக்கும் குன்றுகளுக்கும் பின்னால் எழுகிறது. மணல் நெடுநேரம் நிழலிலேயே கிடக்கும். நாயோடு நடப்பவர்களுக்கு இது பெரிய வரம். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. பத்து மணிக்கு மேல் காய்ந்த மணலில் புறங்கையை வைத்து ஏழு எண்ணிப் பாருங்கள். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. ஒன்பதரைக்கெல்லாம் காரில் இருக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு.

இந்த இடத்தில் சைபீரியன் ஹஸ்கி வைத்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஈப்போவில் அந்த நாய் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று எண்ணினால் ஆச்சரியமாக இருக்கும். பனிவண்டி இழுக்கப் பிறந்ததற்கு நம் ஊர் மார்கழியும் கோடைதான். அதைக் கூட்டி வருவதானால் இன்னும் சீக்கிரம் வாருங்கள், இன்னும் சீக்கிரம் திரும்புங்கள்.

தண்ணீர் இறங்கியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போவது நல்லது. அப்போதுதான் இறுகிய ஈரமணல் கிடைக்கும். முட்டிவலிக்காரருக்கும் நாயின் பாதத்துக்கும் அதுவே உத்தமம். வற்றுவது ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே இந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு வற்றியிருந்தால் அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் பொங்கியிருக்கும். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் போவதே சரி. இதை நான் அப்பாவுக்கு விளக்கியபோது, “வெட்டு மாதிரிதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள்” என்றார்.

புளாக்கி முதலில் அலையைக் கண்டு பின்வாங்கியது. பிறகு அலையைக் குரைத்தது. பிறகு குடித்தது. இதைத் தடுக்க வேண்டும். உப்புத் தண்ணீர் குடித்த நாய் வீடு திரும்பும் வழியெல்லாம் வாந்தி எடுக்கும், என் காரின் பின்சீட்டே சாட்சி. வீட்டுத் தண்ணீர் இரண்டு போத்தல் எடுத்துக்கொண்டு கால் மணிக்கொரு தரம் குடிக்கக் கொடுங்கள். கரையில் ஒதுங்கிக் கிடப்பதை மோந்து பார்க்கவும் விடாதீர்கள். தூண்டில் முள், ஜெல்லி மீன் ஒரு பக்கம் என்றால் பேத்தை மீன் இன்னொரு பக்கம். மலாய்க்காரர்கள் இக்கான் புந்தால் என்பார்களே, பந்து மாதிரி உப்பிக்கொள்ளும் மீன், அதுதான். செத்துக் காய்ந்தாலும் அதன் நஞ்சு போகாது. ஒரு கடி போதும். ஆற்று முகத்துவாரம், அலையாத்திக் காட்டோரம் பக்கம் போகவே வேண்டாம். பேராக்கின் கழிமுகங்களில் முதலை உண்டு.

எட்டு மணிக்குமேல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இங்கேதான் நம்மில் சிலர் தவறு செய்கிறோம். கடற்கரை எல்லாருக்கும் பொது. அதில் நடப்பவர்களில் பாதிக்கு மேல் முஸ்லிம் குடும்பங்கள். ஈர நாய் ஒருவரை உரசிவிட்டால் அவர் அந்த இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். குடும்பத்தோடு நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்தவருக்கு அது எவ்வளவு பெரிய தொல்லை என்று யோசித்துப் பாருங்கள். “என் நாய் ஒன்றும் செய்யாது” என்று சிரித்துக்கொண்டே சொல்வது பதிலாகாது. அவர் பயப்படுவது கடிக்கு அல்ல. கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, நாமே விலகிப் போவதுதான் மரியாதை. நாய் உடம்பை உதறும் வரை யாருக்கும் பக்கத்தில் போகக் கூடாது.

தூண்டிலோடு எதிரே வந்த ஒரு பெரியவர் புளாக்கியைப் பார்த்துத் தயங்கி நின்றார். நான் கயிற்றைச் சுற்றுவதற்குள் அப்பா இருபதடி தூரத்திலிருந்தே, “தாக் அப்பா பாங், சுடா இக்காட்!” என்று குரல் கொடுத்தார். பயமில்லை அண்ணே, கட்டியிருக்கு என்று பொருள். பெரியவர் கையை உயர்த்திச் சிரித்துவிட்டு, தூரத்தில் நின்றபடியே அப்பாவிடம் மீன் நிலவரம் பேச ஆரம்பித்துவிட்டார். பத்து நிமிடம் பேச்சு. புளாக்கிதான் பொறுமை இழந்தது.

இறங்குவதற்கு முன் நுழைவாயிலில் அறிவிப்புப் பலகை இருந்தால் படியுங்கள். நாய்க்குத் தடை என்றால் வாதாடாமல் வேறு குடா தேடுங்கள். செகாரி பக்கம் பாசீர் பாஞ்சாங் கடற்கரை கண்ணுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் நாயோடு போகாதீர்கள். அங்கே பச்சை ஆமைகள் முட்டையிடுகின்றன, மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு நிலையமும் அங்கேதான் இருக்கிறது. ஆமை முட்டையைத் தோண்டித் தின்பதில் நாய்க்கு இணை உடும்பு மட்டுமே. அதே காரணத்துக்காகக் கோல குலாவும் வேண்டாம், அங்கே பிரச்சினை பறவைகள். செப்டம்பர் முதல் மார்ச் வரை சைபீரியா போன்ற வடநாடுகளிலிருந்து உள்ளான் வகைப் பறவைகள் ஆயிரக்கணக்கில் அந்தச் சேற்றுக்கரைக்கு வருகின்றன. மாத்தாங் அலையாத்திக் காடு ஏறத்தாழ 40,000 ஹெக்டேர். அதன் ஓரத்துச் சேறுதான் அவற்றுக்குச் சாப்பாட்டு மேசை. தின்று கொழுப்புச் சேர்த்தால்தான் திரும்பிப் பறக்க முடியும். விளையாட்டாக ஒரு நாய் நாலு தரம் துரத்தினால் அன்றைய தீனி அதிலேயே தீர்ந்துபோகும்.

இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துவைத்திருந்தேன். அன்று நேரிலும் பார்த்தேன். நாங்கள் நடந்த கரையின் கோடியில், தண்ணீர் வற்றிய ஓரமாக, முப்பது நாற்பது சின்ன உள்ளான்கள் அலையோடு முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தன. போத்தல் மூடியைத் திறக்கக் கயிற்றை விரலில் மாட்டியிருந்தேன். ஒரே இழுப்பில் அது நழுவிவிட்டது. பத்து மீட்டர் கயிறு மணலில் பாம்பு மாதிரி ஓடுகிறது, முன்னால் புளாக்கி. நான் கத்தினேன். அதன் காதில் விழவில்லை.

“டைகர்! ஏய் டைகர்! நில்லு!”

அப்பாவின் குரல். அப்படி ஒரு குரல் அவரிடம் இன்னும் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நிரைக்கு நிரை கேட்கும்படி இருட்டில் கூப்பிட்டுப் பழகிய குரல். புளாக்கி நின்றது. பெயரைக் கேட்டு அல்ல, அதட்டலைக் கேட்டுத்தான். பறவைகள் ஒரு வளைவு எழும்பிக் கொஞ்சம் தள்ளிப் போய் இறங்கின. அப்பா மெதுவாகப் போய்க் கயிற்றை எடுத்துக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். என்ன பெயரைச் சொன்னார் என்று அவருக்கே தெரிந்ததா என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. மீதி நடை முழுவதும் கயிறு அவர் கையிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்தபின் செய்ய வேண்டியவை கொஞ்சம். நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி விரலிடுக்கு, காது, அக்குள் எல்லாம் துடைத்து உண்ணி பாருங்கள். கரையோரப் புதரில் புகுந்து வந்தால் கட்டாயம் இருக்கும், உண்ணிக் காய்ச்சல் நாயைக் கொன்றேவிடும். எலிச் சிறுநீர்க் காய்ச்சலுக்கான தடுப்பூசி ஆண்டுதோறும் வேண்டும். வெறிநாய்க் கடி நோய் இந்த நாட்டில் இல்லை என்று 2013இல் உலக அமைப்பின் அங்கீகாரமே வாங்கினோம். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் அது திரும்பி வந்தது. அந்த ஆண்டு தெருநாய்கள் பட்ட பாட்டை மறக்க முடியாது. ஊசியும் போட்டு, மாநகர் மன்ற உரிமமும் எடுத்து, வில்லையைக் கழுத்துப் பட்டையில் மாட்டுங்கள். தொலைந்தால் அதுதான் அதற்கு அடையாளக் கார்டு. வழியில் ரொட்டி சானாய் சாப்பிட நிறுத்தும்போது காருக்குள் பூட்டி வைக்காதீர்கள். நாங்கள் பொட்டலமாக வாங்கி மரத்தடியில் நின்று சாப்பிடுகிறோம். விலங்குநலச் சட்டம் 2017 ஜூலையில் நடப்புக்கு வந்தது. விலங்கை வதைத்த குற்றத்துக்குக் குறைந்த அபராதமே 20,000 வெள்ளி. ஆனால் சட்டத்தை விடுங்கள், கண்ணாடி ஏற்றிய காருக்குள் நீங்கள் பத்து நிமிடம் இருந்து பாருங்கள்.

அடுக்குமாடியில் இருக்கும் இளையவர்கள் நாய் வாங்கும் முன் நிர்வாகத்தின் விதிகளைப் படித்துவிடுங்கள். 2015ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாக விதிமுறைப்படி, அண்டை வீட்டுக்காரருக்குத் தொல்லை என்றால் எழுத்து மூலம் அறிவிப்பு வந்த மூன்று நாளில் பிராணியை அகற்ற வேண்டும். மூன்று நாளில் ஒரு நாய்க்கு எங்கே வீடு தேடுவது?

நம்மில் பலருக்குக் கடல் என்றால் ஆண்டுக்கொரு முறை பாங்கோர் பத்திரகாளியம்மன் ஆலயத்து மாசி மகம்தான். கூட்டத்தோடு போய்க் கூட்டத்தோடு திரும்புவோம். ஆளில்லாத காலைக் கடலை நான் நாற்பது வயதுக்குமேல்தான் பார்த்தேன், அதுவும் ஒரு தெருநாயின் தயவில்.

அன்று திரும்பும்போது அப்பா முன்சீட்டில் உட்காரவில்லை. இடுப்பு வலி, பின்னால் கால் நீட்டிக்கொள்கிறேன் என்றார். ஆயர் தாவார் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன். ஈர நாயின் தலை அவர் மடியில், அவருடைய நல்ல சட்டை முழுக்க மணல். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

“ஏம்மா, அடுத்த ஞாயிறு தண்ணி எத்தனை மணிக்கு இறங்கும்?”

“அடுத்த ஞாயிறு காலையில பொங்கி இருக்கும்ப்பா. அதுக்கடுத்த ஞாயிறுதான்.”

“சரி” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “பொங்குனா என்ன, கரையோரமா நடந்தா போச்சு” என்றார்.